ஜன்னல் திறந்திருந்தது

இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும்.
விடியுமுன் கராவேயிலிருந்து முதல் பேருந்து.
நனைந்த கம்பளிக் கோட்டைக் கழற்றியபடி
உபெர்லிண்டா நவெல்பான் சொன்னாள்:
"எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள்.
ஐவருக்கும் சேர்த்து ஒரே பித்தப்பை.
அது இப்போது என்னிடம் இருக்கிறது."

மற்ற நால்வருக்கும் கல் வந்து,
எடுத்தாகிவிட்டது.
கடைசித் தங்கைக்கு இருபத்திரண்டு வயதில்.
இந்தப் பக்கத்தில் இது பெரிய செய்தி இல்லை,
தெமுகோவில் ஜூலை மாதம் மழை பெய்வதைப் போல.

ஜெல் குளிரும் என்றேன்.
குளிர்ந்ததற்கு என்னைத் திட்டினாள்.
மூச்சை இழுத்து நிறுத்துங்கள்.

விலாவுக்கு அடியில் ஈரல் சாம்பலாய்ப் படர,
அதன் மடியில் கன்னங்கரேலென்று ஒரு பேரிக்காய்.
ஒலி போய்த் திரும்பாத இடம்
திரையில் கறுப்பு.
கல் இருந்தால் பின்னால் நிழல் விழும்.
தேடினேன். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தும் தேடினேன்.

"இருக்கிறதா?"
"இல்லை."
"நன்றாகப் பார்."

நீளம் ஏழு புள்ளி இரண்டு.
அகலம் இரண்டு புள்ளி ஒன்பது.
உயரம் மூன்று.
மூன்றையும் பெருக்கி
அதில் பாதியும் இன்னும் கொஞ்சமும்:
முப்பத்திரண்டரை மில்லி.
ஓர் இருமல் மருந்து மூடியில் இரண்டு முறை ஊற்றலாம்.
இதற்காகவா ஒரு குடும்பமே
கத்திக்கு வயிற்றைக் காட்டியது என்று தோன்றியது,
சொல்லவில்லை.

பத்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.
அதுவரை அது அசையாமல் இருக்க வேண்டும்.
விதி அப்படி.

அறை புழுங்கியது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேன்.
மழையும் விறகுப் புகையும் வந்தன,
பின்னாலேயே
வாசலில் நிபால்டோவின் தள்ளுவண்டியிலிருந்து
பூசணி பிசைந்த மாவு வட்டம்
எண்ணெயில் விழும் வாசனை.

உபெர்லிண்டா கண்ணை மூடிக்கொண்டாள்.
"சொபைபியா" என்றாள்.
"அவன் கடுகுச் சாந்தைக் கஞ்சத்தனமாகத் தடவுவான்.
கேட்டு வாங்க வேண்டும்.
ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மட்டும் பஞ்சு,
ஊதாமல் கடித்தால் அண்ணம் வெந்துபோகும்,
ஆனாலும் ஊத மாட்டேன்.
முடிந்ததும் நான்கு வாங்குவேன்.
இல்லை, ஐந்து."

பத்து நிமிடம்.
மூச்சை இழுத்து நிறுத்துங்கள்.

இருபத்தாறே முக்கால்.

என் கை தவறியிருக்கும் என்று
மூன்று முறை அளந்தேன்.
கை தவறவில்லை.
ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை;
பேச்சுக்கே ஆறு மில்லி
அவிழ்த்துக் கொடுத்துவிட்டது அந்தப் பை.

பிறகுதான் முறையான உணவு:
அவித்த மஞ்சள் கரு இரண்டு, வெண்ணெய் தடவிய ரொட்டி,
காகிதக் கோப்பையில் கொழுப்பு எடுக்காத பால்.
கடன்காரனைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தாள்.
தின்றாள்.

கால் மணிக்கு ஒரு முறை வந்து படுத்தாள்.
பத்தொன்பது. பதினான்கு. பதினொன்று.
ஒவ்வொரு முறையும் பேரிக்காய் ஒடுங்கி,
சுவர் தடித்து,
கடைசியில் பிழிந்த துணிபோல.
ஒன்பது.

"முழுசாகக் காலியாகுமா?"
"ஆகாது. கொஞ்சம் எப்போதும் மிஞ்சும்."
"அப்படியானால் கெட்டிக்காரிதான்,"
என்று வயிற்றைத் துடைத்துக்கொண்டாள்.

காலியானது நூற்றுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும்.
முதல் அளவிலிருந்து கழித்தால் எழுபத்திரண்டு.
இரண்டாவதிலிருந்து என்றால் அறுபத்தாறு.
இரண்டின் சராசரியை எழுதச் சொல்கிறது படிவம்;
எந்தக் கணக்கிலும் அவள் பை நன்றாகவே வேலை செய்கிறது.
ஆனாலும் பேனா நின்றது.
பசி எங்கே தொடங்குகிறது என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
ஜன்னல் திறந்திருந்தது.

கீழே வாசலில் அவள் குரல் கேட்டது.
கடுகுச் சாந்துக்காக நிபால்டோவுடன் சண்டை.
அடுத்தவரைக் கூப்பிடுமுன்
ஜன்னலைச் சாத்தினேன்.
எனக்கும் வாயில் நீர் ஊறிக்கொண்டிருந்தது.